இரும்புப் பாதையும் நம் ஊரும் – 11: சென்னையில் டிராம் வந்ததும் போனதும் திரும்பியதும்

விருதுநகர்–தென்காசி மீட்டர்கேஜ் பாதை 1927இல் திறக்கப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் ரயில் ஊர்களானதைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த ரயிலில் ஏறிய நம்மவர்களில் பலருக்குக் கடைசி ஸ்டேஷன் சென்னை எழும்பூர். உயர் நீதிமன்றத்தில் வழக்கு உள்ளவர், மில்லுக்கு இயந்திரம் பேசப் போனவர், காலேஜில் இடம் தேடிப் போன பையன் என எல்லோரும் அங்கிருந்து பட்டணத்துக்குள் போயாக வேண்டும். ஜட்கா பிடித்தால் கூலி பேச வேண்டும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலை வரை நடந்துவிட்டால் பேச்சுக்கே வேலை இல்லை. டிராமில் ஏறி, அணாக் கணக்கில் டிக்கெட் வாங்கி, பாரிமுனையில் இறங்கிக்கொள்ளலாம்.

அந்த டிராம் 1895 மே 7ஆம் தேதி ஓடத் தொடங்கி 1953 ஏப்ரல் 12ஆம் தேதி நின்றது. அறுபது ஆண்டுகூட நிறையவில்லை. நம் ஊர் ரயிலைப் பற்றிய தொடரில் சென்னை டிராமுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க இரண்டு காரணங்கள் உண்டு. டிராம் கம்பெனி நொடித்துப்போன நாட்களில் மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இராஜபாளையத்துக்காரர். இது முதல் காரணம். தண்டவாளம் எதனால் ஓர் ஊரை விட்டுப் போகிறது, எப்போது திரும்பி வருகிறது என்ற கேள்விக்கு அந்த வரலாறு தரும் விடை நம் பாதைக்கும் பொருந்தும். இது இரண்டாவது.

தெருவுக்கு அடியில் மின்சாரம்

உலகில் முதன்முதலாக மின்சார டிராமை மக்களுக்காக ஓட்டியவர் ஜெர்மனியின் வெர்னர் ஃபான் சீமென்ஸ். ஆண்டு 1881, இடம் பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டே. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் 1888இல் ஃபிராங்க் ஸ்ப்ரேக் அமைத்த டிராம், ஒரு நகரம் முழுவதற்கும் இந்த முறை கட்டுப்படியாகும் என்று காட்டியது. அதிலிருந்து ஏழே ஆண்டுகளில் சென்னைக்கு மின்சார டிராம் வந்துவிட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அப்போது டிராமைக் குதிரைகள் இழுத்துக்கொண்டிருந்தன. கல்கத்தா மின்சாரத்துக்கு மாறியது 1902இல், பம்பாய் 1907இல். லண்டன் தெருக்களிலேகூட 1901இல்தான் மின்சார டிராம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் நகரம் என்ற பெருமை சென்னைக்கு உரியது.

முதலில் சென்னை எடுத்துக்கொண்ட முறை சிக்கலானது. தலைக்கு மேலே கம்பி கட்டவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தெருவைத் தோண்டிக் குறுகிய கால்வாய் அமைத்து, அதற்குள் மின்கம்பியை ஓட்டினார்கள். கால்வாயின் மேற்புறம் ஒரு பிளவு மட்டும் திறந்திருக்கும். வண்டியின் அடியிலிருந்து இறங்கும் உலோகக் கரம் அந்தப் பிளவு வழியாக உள்ளே போய்க் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை எடுக்கும். தெருவின் அழகைக் கம்பிகள் கெடுக்கக் கூடாது என்று நினைத்த நகரங்கள் விரும்பிய முறை இது.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் சென்னை, சமதரையில் கிடக்கும் ஊர். மழைநீர் வடிய நேரமாகும். கால்வாய்க்குள் தண்ணீரும் சேறும் புகுந்தால் மின்சாரம் ஒழுகும், வண்டி நின்றுவிடும். இங்கிலாந்தின் கடலோர ஊரான பிளாக்பூல் 1885இல் இதே முறையில் டிராம் விட்டு, கடல் நீரோடும் மணலோடும் மல்லுக்கட்டி, கடைசியில் 1899இல் மேல்கம்பிக்கு மாறியது. சென்னையும் அந்த வழிக்கே வந்தது. முதல் கம்பெனி பண நெருக்கடியில் சிக்கிக் கைமாறியது. மெட்ராஸ் எலக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட் என்று, பிறந்த ஆண்டைப் பெயரிலேயே தாங்கிய கம்பெனி பொறுப்பேற்றது. கால்வாய் போய், கம்பத்தில் கட்டிய மேல்கம்பி வந்தது. அதற்குப் பிறகுதான் சென்னை டிராம் மழையிலும் நம்பக்கூடிய வண்டி ஆனது.

தொண்ணூற்றேழு வண்டிகள்

1921இல் சென்னை டிராம் தன் உச்சத்தைத் தொட்டது. 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ரிப்பன் மாளிகை என்று நகரத்தின் முக்கிய இடங்களையெல்லாம் தொட்டுச் சென்றன. துறைமுகத்திலிருந்து ஊருக்குள் சரக்கும் போனது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்கினார்கள்.

ஓர் எளிய வண்டி எத்தனை பேருடைய வாழ்க்கையை மாற்றும் என்பதற்கு அந்த நாட்களின் சென்னையே சாட்சி. வாடகை குறைவான பேட்டையில் குடியிருந்துகொண்டு கோட்டைப் பக்கம் குமாஸ்தா வேலைக்குப் போக முடிந்தது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவரும், கடையில் கணக்கு எழுதியவரும், அவரிடம் சரக்கு எடுக்க வந்த வெளியூர் வியாபாரியும் ஒரே பலகையில் உட்கார்ந்து போனார்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர்களின் ஊராக இருந்த பட்டணம், நாலு காசு உள்ள எவரும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகக்கூடிய ஊராக மாறியது. அதைச் செய்தது டிராம்.

தொழிலாளர் இயக்கத்திலும் டிராமுக்கு இடம் உண்டு. 1918இல் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முன்நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பஞ்சாலைத் தொழிலாளரிடமிருந்து எழுந்த அந்த அலையில் டிராம் தொழிலாளரும் சங்கம் கண்டார்கள். கொழும்பிலும் இப்படித்தான். அங்கே 1929இல் ஏ.இ. குணசிங்க தலைமையில் நடந்த டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. வண்டி நின்றால் நகரமே நின்றுபோகும் என்பதால், டிராம் ஓட்டியவர்களின் குரலுக்கு வலு இருந்தது.

ஊர் வளர்ந்தது, பாதை வளரவில்லை

உச்சம் தொட்ட 1921இல் சென்னையின் மக்கள்தொகை 5.27 லட்சம். 1941இல் 7.77 லட்சம். 1951இல் 14.16 லட்சம். நகர எல்லை விரிந்ததும் இதில் அடக்கம் என்றாலும், முப்பது ஆண்டுகளில் நகரம் இரண்டரை மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. டிராம் பாதை மட்டும் பழைய ஊரின் தெருக்களோடு நின்றுவிட்டது. மாம்பலம், தியாகராய நகர் என்று மேற்கிலும் தெற்கிலும் புதுக் குடியிருப்புகள் கிளம்பின. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கி, தொலைவில் குடியேறியவர்களை அது தூக்கிக்கொண்டது. ரயிலும் டிராமும் போகாத இடங்களுக்கெல்லாம் தனியார் பஸ்கள் போயின.

பஸ்ஸுக்கும் டிராமுக்கும் நடந்த போட்டி சமமான போட்டி இல்லை. பிரிட்டனின் 1870ஆம் ஆண்டு டிராம்வே சட்டம் ஒரு விதி வைத்தது. தண்டவாளங்களுக்கு நடுவிலும், இருபுறம் பதினெட்டு அங்குலம் வரையிலும் சாலையை டிராம் கம்பெனியே பழுதுபார்க்க வேண்டும். குதிரைகளின் குளம்பு சாலையைத் தேய்த்த காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. வண்டி மின்சாரத்துக்கு மாறிய பிறகும் விதி அப்படியே இருந்தது. இந்தியாவின் 1886ஆம் ஆண்டு டிராம்வே சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். தண்டவாளம் போடுவதும், கம்பம் நடுவதும், மின்சாரத்துக்குப் பணம் கட்டுவதும் டிராம்காரர் செலவு. பஸ்காரரோ ஒரு வண்டி வாங்கி, பொதுப் பணத்தில் போட்ட சாலையில் இறக்கிவிட்டால் போதும். கூட்டம் இருக்கும் நேரத்தில், கூட்டம் இருக்கும் தெருவில் ஓட்டலாம். லாபம் இல்லாத தெருவை விட்டுவிடலாம். டிராம் தன் தண்டவாளத்தை விட்டு எங்கே போகும்?

1940களில் இந்தப் போட்டி பட்டணவாசியின் அன்றாடக் கணக்காகவே ஆகிவிட்டது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தொடக்கத்தில், பிராட்வே முனையில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளையின் மனசுக்குள் ஓடுவது அந்தக் கணக்குதான். டிராமில் போனால் என்ன மிஞ்சும், பஸ்ஸில் போனால் என்ன மிஞ்சும் என்று காலணாவைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். கடவுள் தோன்றுவதற்கு முன்னாலேயே கதைக்குள் டிராம் வந்துவிடுகிறது. தன் வாசகர் அத்தனை பேருக்கும் அந்தக் கணக்கு பழக்கம் என்று புதுமைப்பித்தனுக்குத் தெரியும்.

அதே ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போரும் நடந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பஸ்கள் கரிவாயுவில் ஓடத் திணறின. மின்சாரத்தில் ஓடிய டிராமுக்கு அந்தத் தொல்லை இல்லை. போர்க்காலச் சென்னையின் சுமையை அது தாங்கியது. ஆனால் சீமையிலிருந்து உதிரிப் பாகம் வருவது அரிதான காலம் அது. வண்டியும் தண்டவாளமும் தேய்ந்தபடியே ஓடின. போர் முடிந்தபோது டிராமைப் புதுப்பிக்கப் பெரும் முதல் தேவைப்பட்டது. கட்டணத்தை ஏற்றினால் மக்கள் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள், ஏற்றாவிட்டால் கம்பெனி மூழ்கிவிடும் என்ற நிலை.

இராஜபாளையத்து முதலமைச்சர்

1947இல் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னையின் மின் விநியோகத்தைத் தனியார் கம்பெனியிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. நகரத்தில் அரசே பஸ் விடத் தொடங்கியது. மின்சாரம் அரசு கையில், பஸ் அரசு கையில். இரண்டுக்கும் நடுவில் டிராம் மட்டும் தனியார் கம்பெனியாக நின்றது. மின்சாரத்தை அரசிடம் வாங்கி, அரசு பஸ்ஸோடு போட்டியிட வேண்டியதாயிற்று. எந்தக் கம்பெனிக்கும் அது கடினமான பிழைப்பு.

1949 ஏப்ரல் 6ஆம் தேதி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருக்குப் பிறகு, இராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1950 ஜனவரி 26இல் நாடு குடியரசானதும் அந்தப் பதவியின் பெயர் முதலமைச்சர் என்று மாறியது. டிராம் கம்பெனி நொடித்துப்போனது ஏறக்குறைய அதே 1950இல்.

குமாரசாமி ராஜாவை நம் ஊர் நன்றாக அறியும். தன் சொந்த வீட்டைப் பொதுவுக்குக் கொடுத்தவர். அந்த வீடுதான் இன்றைய காந்தி கலை மன்றம். பிற்காலத்தில் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்தார். அப்படிப்பட்டவர் ஆட்சியில் ஏழைகளின் வண்டியான டிராம் ஏன் பிழைக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அந்த ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதை மறந்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. மழை பொய்த்து உணவுத் தட்டுப்பாடு. அரிசிக்கு ரேஷன். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து, கள், சாராயக் குத்தகையில் கிடைத்துவந்த வருமானம் நின்றிருந்தது. கருவூலத்துக்கு முன்னால் கை நீட்டியவர்களின் வரிசையில் டிராம் கம்பெனி கடைசியில்தான் நின்றிருக்க முடியும்.

1952 தேர்தலில் குமாரசாமி ராஜா தோற்றார். அந்த ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதியோடு டிராம் நின்றுபோனது.

அந்த முடிவு தவிர்க்க முடியாததா? இதே 1953இல் கல்கத்தாவில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அங்கே டிராமை நடத்தியது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. அது ஜூலையில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. கட்டணம் கட்ட மறுப்பு, மறியல், கடையடைப்பு என்று ஒரு மாதம் கொந்தளித்து, உயர்வைத் திரும்பப் பெற வைத்தார்கள். பின்னாளில் அந்தக் கம்பெனி தளர்ந்தபோது 1967இல் மாநில அரசு நிர்வாகத்தை ஏற்றது, 1976இல் அதைச் சொந்தமாகவே ஆக்கிக்கொண்டது. மக்கள் அதைத் தங்கள் வண்டி என்று நினைத்தார்கள். அரசு அதை விட்டுவிட முடியவில்லை. கல்கத்தா டிராம் மேலும் எழுபது ஆண்டுகள் ஓடியதற்கு அதுவே காரணம். சென்னையிலும் மின்சாரத்தையும் பஸ்ஸையும் எடுத்துக்கொண்ட கை டிராமையும் எடுத்திருந்தால் அதன் ஆயுள் நீண்டிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

உலகம் பிடுங்கி எறிந்த தண்டவாளம்

சென்னை தனியாக இதைச் செய்யவில்லை. கான்பூரில் 1933இல், டெல்லியில் 1963இல், பம்பாயில் 1964 மார்ச் 31இல் டிராம் முடிந்தது. பாரிஸ் நகரம் 1937இல் தன் கடைசி டிராமை நிறுத்தியது. லண்டன் 1952 ஜூலையில். சிட்னி டிராமில் 1945ஆம் ஆண்டில் மட்டும் 40 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் நடந்தன. அத்தனை பெரிய அமைப்பையும் 1961 பிப்ரவரிக்குள் முற்றிலும் மூடிவிட்டார்கள். கொழும்பில் 1960 வரை நீடித்தது. டிராம் பழசு, காரும் பஸ்ஸும் புதுசு என்று பல நாடுகள் நம்பிய காலம். நடுத்தெருவில் ஊர்ந்துபோகும் டிராம் காருக்குத் தடை என்று சொல்லப்பட்டது. தெரு யாருக்கு என்ற வழக்கில் காருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார்கள்.

தண்டவாளத்தை எடுத்த பிறகு அந்த இடத்தில் மேலும் கார்கள் வந்தன. பஸ்கள் அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் பிரெஞ்சுக்காரர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். 1958இல் டிராமை மூடிய நாந்த் நகரம் 1985இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 1992இல் பாரிஸின் வடபுறத்தில் சாந்தெனி–பொபினி பாதை வந்தது. 2006இல் தலைநகரின் தென்விளிம்புச் சாலைகளிலேயே டிராம் ஓடியது. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே புல் வளர்த்தார்கள், வேறு வண்டி ஏற முடியாதபடி. சிட்னியில் 1997இல் ஒரு சிறு பாதையோடு தொடங்கி, 2019 டிசம்பரில் நகரத்தின் முதுகெலும்பான ஜார்ஜ் தெருவுக்கே டிராம் வந்துவிட்டது. ஐம்பதுகள் வரை டிராம் ஓடிய அதே தெருவில், நடுப்பகுதியில் காரைத் தடுத்துவிட்டு, டிராமுக்கும் நடப்பவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

திரும்பி வந்த டிராமுக்கும் பழைய டிராமுக்கும் முக்கியமான வேறுபாடு வேகத்திலோ குளிர்சாதனத்திலோ இல்லை. பழைய டிராம் எல்லா வண்டிகளோடும் ஒரே தெருவில் நெரிந்து ஓடியது. புதிய டிராமுக்குத் தனித்தடம் உண்டு, சிக்னலில் முன்னுரிமை உண்டு. இடம் கொடுத்த ஊர்களில்தான் டிராம் நிலைத்தது. கல்கத்தாவில் எண்பதுகளுக்குப் பிறகு அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோனது. தனித்தடங்களை உடைத்துச் சாலையோடு சேர்த்தார்கள். 2024 செப்டம்பரில் எஸ்பிளனேடு–மைதானம் பாரம்பரியப் பாதை ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்துவதாக மாநில அரசு அறிவித்தது. போராடிக் காத்த ஊரிலும் தடம் போனால் வண்டி போய்விடும்.

மவுண்ட் ரோட்டுக்கு அடியில்

சென்னைக்கு வருவோம். டிராம் நின்ற பிறகு நகருக்குள் புதிதாக ஒரு ரயில் வர 42 ஆண்டுகள் ஆயின. 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது. 2015 ஜூன் 29இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே மெட்ரோ ஓடியது. 2019 பிப்ரவரி 10இல் ஏஜி-டிஎம்எஸ்ஸிலிருந்து வண்ணாரப்பேட்டை வரையிலான சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் வரலாறு புரியும்: ஆயிரம் விளக்கு, எல்ஐசி, அரசினர் தோட்டம், சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை. மவுண்ட் ரோட்டையும் சென்ட்ரலையும் பாரிமுனைப் பகுதியையும் இணைத்த பழைய டிராமின் ஊர்தான் இது. மேலே தெருவில் இடம் இல்லாததால் ரயில் மண்ணுக்கு அடியில் போயிற்று.

அதற்கு நாம் கொடுக்கும் விலை சிறியது இல்லை. மாதவரத்திலிருந்து புரசைவாக்கம், இராயப்பேட்டை, மயிலாப்பூர் வழியாகச் சிப்காட் வரையிலும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையிலும் மூன்று வழித்தடங்களாகக் கட்டப்படும் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி 530 கோடிக்கும் மேல். மெட்ரோ வேண்டிய திட்டம்தான். சென்னையின் அளவுக்கு அது இல்லாமல் தீராது. தெருவில் கிடந்த ஒரு தடத்தை விட்டுவிட்ட நகரம், அதே வழியில் திரும்பப் போக 66 ஆண்டுகள் காத்திருந்து, சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நம் பாதைக்கு இதில் என்ன இருக்கிறது

நம் தெற்கில் இரண்டு பாதைகள் மூடப்பட்டுத் திரும்பின. அகலப்பாதை ஆக்குவதற்காகச் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2010இல் மூடப்பட்டது. பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி மீண்டும் முழுப்பாதையிலும் ரயில் ஓடியது 2018இல். அதே 2010இன் கடைசியில் மூடிய மதுரை–போடி பாதையில் 2023 ஜூனில் ரயில் போடியைத் தொட்டது. காத்திருந்த ஆண்டுகளில் தேனிக்காரர்களும் தென்மலைக்காரர்களும் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனாலும் ரயில் வந்தது. ஏன் வந்தது? வண்டி நின்றாலும் நிலம் ரயில்வேயின் நிலமாகவே இருந்தது. யாரும் அதில் கடை கட்டவில்லை, சாலை போடவில்லை. சென்னை டிராமின் தடமோ, வண்டி நின்றதுமே தெருவோடு கரைந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆண்டாளின் தேர் வருஷத்தில் ஆடிப்பூரத்துக்கு ஒரு நாள் உருள்கிறது. அந்த ஒரு நாளுக்காக ரத வீதிகளின் அகலத்தை வருஷம் முழுவதும் ஊர் காப்பாற்றி வைக்கிறது. தேர் திரும்பும் முனையில் யாரும் சுவரை நீட்டத் துணிவதில்லை. பொதுவான ஒன்று போவதற்குப் பொதுவான இடம் வேண்டும் என்ற அறிவு நமக்குப் புதிது இல்லை.

அந்த அறிவை நம் ரயில் பாதைக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். 2011 கணக்கெடுப்பில் இராஜபாளையம் நகரத்தின் மக்கள்தொகை 1.30 லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூர் 75 ஆயிரம். விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் என்ற நான்கு ஊர்களும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரே தண்டவாளத்தில் கோத்துக் கிடக்கின்றன. சந்தை ஓர் ஊரில், பட்டாசும் அச்சும் ஓர் ஊரில், கோயிலும் கோர்ட்டும் ஓர் ஊரில், பஞ்சாலை ஓர் ஊரில். காலையும் மாலையும் இந்த ஊர்களுக்கிடையே போய்வரும் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையில் பஸ்ஸிலும் டூவீலரிலும் நெருக்கியடித்துப் போகிறார்கள். பக்கத்திலேயே மின்மயமான ரயில் பாதை, ஒரு நாளின் பெரும்பகுதி வண்டி இல்லாமல் கிடக்கிறது.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹ என்ற ஊர் 1992இல் ஒரு புதுமை செய்தது. நகரத் தெருவில் ஓடும் டிராமை அப்படியே ரயில் பாதையில் ஏற்றி, பக்கத்து ஊரான பிரெட்டன் வரை ஓட்டியது. சிறு நிறுத்தங்கள் அமைத்தார்கள், வண்டிகளை அடிக்கடி விட்டார்கள். பயணிகள் பல மடங்கு பெருகினார்கள். அது மாநகரம் இல்லை, இரண்டரை மூன்று லட்சம் பேர் வாழும் ஊர். பெரிய நகரத்துக்கு மட்டுமே தண்டவாளம் என்ற எண்ணத்தை அந்த ஊர் உடைத்தது. நமக்குத் தெருவில் டிராம் வேண்டியதில்லை. விருதுநகருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே காலையிலும் மாலையிலும் மணிக்கு ஒரு குறுந்தூர மின்ரயில், ஊரை ஒட்டிய இடங்களில் இரண்டொரு சிறு நிறுத்தங்கள், ஸ்டேஷன் வாசலிலேயே டவுன்பஸ். இவ்வளவு போதும், நான்கு ஊரும் ஒரு ஊராகிவிடும்.

அதற்கு முதல் வேலை ஒற்றைப் பாதையை இரட்டையாக்குவது. அதற்கும் முந்திய வேலை, இரட்டைப் பாதைக்கும் நிறுத்தங்களுக்கும் வேண்டிய நிலத்தை இப்போதே காப்பது. ஊர் வளரும்போது பாதையை ஒட்டிய நிலம்தான் முதலில் விலை ஏறும், முதலில் மனைகளாகும். அதன்பிறகு கேட்டால் சென்னைக்குச் சொன்ன பதில்தான் நமக்கும் கிடைக்கும்: இடம் இல்லை, சுரங்கம் தோண்டு. நம் ஊர்களுக்குச் சுரங்கம் தோண்டப் பணம் கொடுக்க எந்த அரசும் வராது. நகராட்சிகளும் மாவட்ட நிர்வாகமும் ரயில்வேயும் கூடி உட்கார்ந்து, இந்த ஐம்பது கிலோமீட்டரின் இருபுறமும் என்ன ஒதுக்க வேண்டும் என்று ஒரு வரைபடம் போடுவதற்குச் செலவு மிகச் சிறிது. சென்னை டிராமுக்காக எவரும் அப்படி ஒரு வரைபடம் போடவில்லை. நாம் போட இன்னும் நேரம் இருக்கிறது. வணிகர் சங்கங்களும் மில் தொழிலாளர் சங்கங்களும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து கேட்டால் அதைப் போட வைக்க முடியும்.

(தொடரும். அடுத்த இதழில்: 1904இல் மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போன செங்கோட்டைப் பாதை)